வாடுவதற்குத் தடை

எங்கள் மலர் ஆய்வு நிறுவனத்தில் யாரும் ஓய்வு பெறுவதில்லை. ஓய்வு பெறும் வயது என்று பல்கேரியச் சட்டத்தில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு எங்கள் கோர்னா லீப்பா ஊருக்கு வரும் பேருந்து எது என்று தெரியவில்லை போலிருக்கிறது. இயக்குநர் பேராசிரியர் தஸ்கலோவுக்கு எழுபத்தொன்பது வயது. ஒவ்வொரு வசந்தத்திலும் அறிவியல் குழு கூடும். "ஐயா போய்விட்டால் நிறுவனம் என்ன ஆகும்!" என்று குழுவினர் கலங்குவார்கள். பிறகு அவருக்கு ஓராண்டு நீட்டிப்புத் தருவார்கள். அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் நீட்டிப்புத் தந்தவர் தஸ்கலோவ். இதற்குப் பெயர் எங்கள் நிறுவனத்தில் ஜனநாயகம்.

நான் மெத்தோடி. மண் பிரிவில் வேலை. முன்தலையில் முடி போய்விட்டது, மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. ஆனாலும் அலுவலக அறிவிப்புகளில் எனக்கு "இளம் ஆய்வாளர்" என்றுதான் பெயர். என்னைப் போன்ற இளைஞர்கள் இங்கே நிறைய. கூட்டங்களில் எங்களுக்குப் பின்வரிசை. முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்திருக்கும்போது கைத்தாங்கலாகப் பிடிப்பது எங்கள் ஆராய்ச்சிப் பணியில் ஒரு பகுதி.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி, பூ எப்படி மூப்படைகிறது, எப்படிச் சாகிறது என்று ஆராய்ச்சி செய்தால் சும்மா விடுவார்களா?

ருமியானா பெஷேவாவுக்கு எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. பேசக் கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. அவள் ஆராய்ந்தது லில்லி மாதிரி இருக்கும் ஒரு மஞ்சள் பூவை. காலையில் விரியும், மாலையில் சுருங்கும், மறுநாள் ஈரக் கந்தல் மாதிரி தொங்கும். ஒரு நாள் சிற்றுண்டிச் சாலையில் பனீர் வைத்த பனீட்சா அப்பம் தின்றுகொண்டே, "பாவம், ஒரே நாள் வாழ்க்கை" என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"பாவமாவது மண்ணாங்கட்டியாவது! அதை யாரும் கொல்லல மெத்தோடி. மகரந்தம் வந்து சேர்ந்ததும், சரி, வந்த வேலை முடிஞ்சதுன்னு அதுவே முடிவு பண்ணுது. செல் ஒவ்வொண்ணும் தன்னைத்தானே பிரிச்சுப் போடுது. உள்ள இருக்கிற சர்க்கரை, சத்து எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கீழ இருக்கிற காய்க்கு அனுப்புது. கடைசியில வெறும் தோல்தான் மிச்சம். அதைப் பாத்துத்தான் நாம வாடிப்போச்சுன்னு உச்சு கொட்டறோம்."

"அனுப்ப மாட்டேன்னு ஒரு பூ அடம்பிடிச்சா?"

"அப்படியும் ஒண்ணு வச்சிருக்கேன், வா" என்று கண்ணாடி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கடைசி மேடையில் ஒரு தொட்டி. அந்தச் செடியின் பூ ஒரு வாரமானாலும் வாடுவதில்லை. நின்ற நிலையில் நின்று பளபளக்கும். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று வாயைப் பிளப்பார்கள். ஆனால் இதுவரை ஒரு காய் கிடையாது, ஒரு விதை கிடையாது. வாடாத பூ எதையும் கீழே அனுப்புவதில்லை, அவ்வளவுதான். கிழங்கும் அழுகத் தொடங்கியிருந்தது. இந்தக் குளிர்காலத்தைச் செடி தாண்டாது என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் அதிலிருந்து ஒரு காயாவது எடுத்துவிட வேண்டும். அந்த விதையை முளைக்க வைத்துப் பார்த்தால்தான் இந்த அடம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். ரொடோப்பி மலையில் ஏறி இறங்கி, கண்ணில் பட்ட காட்டுச் செடிகளின் மகரந்தத்தையெல்லாம் கொண்டுவந்து தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலை நாள் முழுவதும் அந்த ஒரு தொட்டிக்காகத்தான் போனது.

தன் ஆராய்ச்சியை அவள் கூட்டத்தில் படித்த அன்றுதான் வினை தொடங்கியது. "இதழ்ச் செல்களின் முதுமையும் திட்டமிட்ட மரணமும்" என்பது தலைப்பு. அதைக் கேட்டதும் முன்வரிசையில் பல பேர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டார்கள். படித்து முடித்ததும் அறிவியல் செயலாளர் வல்கோவ் எழுந்தார். இயக்குநர் சிரித்தால் சிரிப்பதும் இருமினால் தண்ணீர் கொடுப்பதும் இவர் பொறுப்பு.

"திட்டமிட்ட மரணம்னு சொல்றீங்க. திட்டம்னா ஒப்புதல்னு ஒண்ணு இருக்கணுமே. யார் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல ஐயா. செல்லுக்குள்ளயே இருக்கு."

"அப்போ, ஒப்புதல் இல்லாம நம்ம வளாகத்துல சாவு நடந்துக்கிட்டு இருக்கு. எத்தனை நாளா?"

"உலகத்துல பூன்னு ஒண்ணு வந்த நாள்லேருந்து."

"இவ்வளவு காலமா ஏன் எங்ககிட்ட சொல்லல?"

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். தஸ்கலோவ் கையை உயர்த்தினார், வல்கோவ் உட்கார்ந்தார்.

"ஏம்மா ருமியானா, பேச ஆரம்பிச்சதுலேருந்து முதுமை முதுமைன்னு அடுக்கிக்கிட்டே போறியே, யாரை மனசுல வச்சுச் சொல்றே?"

"பூவைத்தான் ஐயா."

"பூவை மட்டுந்தானா?"

"நீங்க கேக்கற வரைக்கும் பூவை மட்டுந்தான்."

மறுநாள் காலையில் எல்லாப் பிரிவுகளுக்கும் உத்தரவு வந்தது. முதுமை, மரணம், வாடல் ஆகிய சொற்கள் நிறுவனத்தின் மனநிலையைக் குலைப்பதால், இனி அவற்றுக்குப் பதிலாக "நீடித்த நிறைவு" என்று வழங்க வேண்டும். பூச்சிப் பிரிவு தங்கள் மருந்துச் சோதனையின் அறிக்கையைத் திருத்தி எழுதியது: மருந்து தெளித்த சிறிது நேரத்தில் அசுவினிப் பூச்சிகள் அனைத்தும் நீடித்த நிறைவை எய்தின. அறிக்கையைப் படித்த இயக்குநர், "பூச்சிகளை இவ்வளவு நல்லா கவனிச்சுக்கிறோமா?" என்று நெகிழ்ந்து பாராட்டினார்.

ருமியானா உத்தரவைப் படித்தாள். மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் சண்டைக்குப் போகாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அவர் படத்தைப் போட்டு, கறுப்புக் கட்டம் கட்டி, இரங்கல் தாள் அச்சடித்து வீட்டுக் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாள் ஒன்று, வருஷம் திரும்பினால் ஒன்று. உத்தரவு வந்த மறுநாள் காலையில் கண்ணாடி வீட்டின் கதவில் அப்படி ஒரு தாள். நடுவில் மஞ்சள் பூவின் படம். "ஆறாத் துயருடன் அறிவிக்கிறோம். நேற்றுக் காலை மலர்ந்து நேற்று மாலையே தன் கடமையை முடித்துக்கொண்டு எங்கள் அன்னை மறைந்தாள். தன்னிடம் இருந்ததையெல்லாம் எங்களுக்கே தந்துவிட்டுப் போனாள். இப்படிக்கு, காய்."

அதற்கு அடுத்த நாள் இன்னொரு பூ, இன்னொரு தாள். அந்த வாரக் கடைசியில் கதவில் இடமில்லாமல் வெளிக்கதவுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் தாள்கள் பரவின. பேருந்துக்குக் காத்திருந்த பெண்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்கள். "இவ்வளவு சின்ன வயசுலயா? ஐயோ!" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தோட்ட வேலை பார்க்கும் பென்கா அக்கா தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் சிலுவைக்குறி போட்டுக்கொள்வாள். "அடிப் பாவி, பூவுக்கெல்லாம் இரங்கல் தாளா? நாளைக்கு எனக்கும் ஒட்டிடுவே போலிருக்கே!"

"உனக்கு எதுக்கு அக்கா? இந்த இடத்துல வேலை செய்யற ஒரே ஆள் நீ. உனக்கு லீவே கிடைக்காது, சாவு எப்படிக் கிடைக்கும்?"

தஸ்கலோவ் கொதித்துப்போனார். வளாகத்தில் வாடின பூ இருந்தால்தானே இந்தக் கூத்து? உடனே புத்துணர்வுக் குழு ஒன்றை அமைத்தார். குழுவில் மூத்த பேராசிரியர்கள், தலைவர் வல்கோவ். ஆளுக்கு ஒரு கத்தரிக்கோல் கொடுத்தார்கள். தலை தொங்கிய பூவைக் கண்டால் அங்கேயே வெட்ட வேண்டும். குனிய முடியாதவர்களுக்காக நீளப் பிடி வைத்த கத்தரிக்கோல் வாங்கினார்கள். குழு சுற்றுக்குக் கிளம்பினால் பின்னால் இளம் ஆய்வாளர்கள் நாற்காலி தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வாரம் நான் இரண்டு நாற்காலி தூக்கினேன்.

அப்படிப் போன சுற்றில்தான் அவர்கள் கண்ணில் அந்த வாடாத செடி பட்டது. சேதி கேட்டு இயக்குநரே வந்துவிட்டார். பூவைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணில் நீர் தளும்பியது.

"வல்கோவ், இது பூ இல்ல. இது நம்ம நிறுவனத்தோட ஆன்மா. எத்தனை நாளானாலும் நிக்குது பாரு!"

"உங்களை மாதிரியே ஐயா" என்றார் வல்கோவ்.

"இதுல காய் பிடிக்கறதில்ல ஐயா" என்றாள் ருமியானா.

"காய் எதுக்கும்மா? பூவே இருக்கும்போது காய் எதுக்கு?"

செடிக்கு "நித்திய தஸ்கலோவ்" என்று பெயர் சூட்டுவது என்றும், விழாவுக்குத் துணை அமைச்சரையும் தொலைக்காட்சிக்காரர்களையும் அழைப்பது என்றும் அங்கேயே முடிவானது.

விழாவுக்கு முந்தின நாள் ருமியானா ஓடிவந்து என் மண் சல்லடையைத் தட்டிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்தாள். மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கியது. அந்தச் செடியில் பூத்திருந்த நாலு பூவில் ஒன்று வாடிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒரு மகரந்தம் அதை அசைத்துவிட்டது. சுருங்கிப் போன இதழுக்கு அடியில், பச்சைப் பட்டாணி மாதிரி ஒரு சின்னப் புடைப்பு.

"பாத்தியா? முதல் தடவையா இது கீழ அனுப்புது! மெத்தோடி, எனக்கு அழுகை வருது, சிரிக்காதே. இந்த வாடின பூ தானா உதிர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. இப்போ வெட்டினா காயோட சேர்ந்து போயிடும். அப்புறம் செடியும் போயிடும். எல்லாம் போச்சு."

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தக் கத்தரிக்கோல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

இயக்குநரிடம் போய்க் கெஞ்சினாள். ருமியானா கெஞ்சி அன்றுதான் பார்த்தேன். அந்த ஒரு பூவை மட்டும் விட்டுவிடுங்கள், விழாவில் அது தெரியாதபடி தொட்டியைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"என் பேர் வச்ச செடியில வாடின பூவா? டிவியில காட்டுறதுக்கா?" என்றார் தஸ்கலோவ். "நாளைக்கு விழா தொடங்கறதுக்கு முன்னாடி வெட்டிடுவாங்க. நீ போய் நல்ல உடுப்பா பாத்து வை."

மறுநாள் கண்ணாடி வீட்டில் நடந்ததை, அங்கே நின்றிருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். நான் பார்த்தது இது.

துணை அமைச்சரின் கார் வெளிக்கதவில் நுழைந்துவிட்டது. குழுவினர் வரிசையாக நிற்கிறார்கள். வல்கோவ் கடைசியாக ஒருமுறை செடியைப் பார்த்தவர், விரல் விட்டு எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, நாலு! நாலு பூ இருக்கு!"

எங்கள் நாட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்போம். இரட்டைப்படை கல்லறைக்கு. பூக்கடையில் இரண்டு பூ கேட்டுப் பாருங்கள், கடைக்காரி முதலில் உங்கள் முகத்தைப் பார்த்து, "யாரு போயிட்டாங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பாள். அமைச்சகத்திலிருந்து வருகிறவருக்கு முன்னால் நாலு பூ வைத்தால், வாங்கம்மா, உங்களுக்குக் காரியம் வைத்திருக்கிறோம் என்று சொல்வதாகத்தான் ஆகும்.

"வாடினதை வெட்டு, மூணாயிடும்" என்றார் தஸ்கலோவ்.

வல்கோவ் கத்தரிக்கோலை நீட்டினார். அதற்குள் ருமியானாவின் கை முந்திக்கொண்டது. பட்டென்று ஒரு சத்தம். அவள் கையில் ஒரு பூ. நல்ல பூ.

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. வல்கோவின் உதடுகள் கணக்குப் போட்டன. "இப்போ வாடினதை வெட்டினா... ரெண்டு! ஐயா, ரெண்டாயிடும்!"

"அறிவு கெட்டவனே, நல்லதுலயும் ஒண்ணை வெட்டு! ஒரு பூ நின்னாப் போதும்!"

"ஒண்ணு நின்னாப் போதுமா? முதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றாள் ருமியானா. பட். பட். மிச்சமிருந்த இரண்டு நல்ல பூவும் அவள் கைக்கு வந்துவிட்டன. தண்டில் ஒரே ஒரு பூ, அந்த வாடின பூ, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. "இந்தாங்க, ஒண்ணு. ஒற்றைப்படை. இனி தாராளமா வெட்டுங்க, வர்றவங்களுக்கு வெறும் குச்சியைக் காட்டலாம்."

யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவு திறந்தது. துணை அமைச்சர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார், பின்னால் கேமரா.

ருமியானா முன்னால் போய், "நல்வரவு மேடம்" என்று ஒரு பூவை நீட்டினாள். அவர் சந்தோஷமாக வாங்கி முகர்ந்தார். பிறகு ருமியானா திரும்பி, கையில் மிச்சமிருந்த இரண்டையும் இயக்குநரிடம் பணிவாக நீட்டினாள். எத்தனையோ பாராட்டு விழாக்களில் பூ வாங்கிப் பழகிய கை அது. தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தார்.

பென்கா அக்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, பூவைக் கீழே போடவும் முடியாது. வல்கோவ் வழக்கம்போல உரைத்தாளை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். வேறு வழியில்லாமல் அவரும் படித்தார்.

"மதிப்பிற்குரிய தோழர்... மன்னிக்கவும், மதிப்பிற்குரிய துணை அமைச்சர் அவர்களே! உங்கள் முன் நிற்கும் இந்த மலர் வாடுவதே இல்லை." எல்லோருடைய பார்வையும் அந்தக் கந்தலுக்குப் போனது. "எங்கள் நிறுவனமும் அப்படியே. முப்பது ஆண்டுகளாக இங்கே எதுவும் மாறவில்லை. வந்தவர் யாரும் போகவில்லை. புதியவர் யாருக்கும் நாங்கள் இடம் கொடுக்கவில்லை. இப்படி ஒரு நிலைத்தன்மையை ஐரோப்பாவில் வேறெங்கே காண்பீர்கள்?"

"எங்கயும் காண முடியாது" என்றார் துணை அமைச்சர். "ஆனா, இது வாடியிருக்கே?"

"நீடித்த நிறைவில் இருக்கு மேடம்" என்றார் வல்கோவ்.

"வாடித்தான் இருக்கு மேடம்" என்றாள் ருமியானா. "இந்தச் செடியில வேலை செஞ்ச பூ இது ஒண்ணுதான். இங்க, அடியில பாருங்க." துணை அமைச்சர் குனிந்து அந்தப் பச்சைப் புடைப்பைப் பார்த்தார். கேமராவும் குனிந்தது. அன்று மாலைச் செய்தியில் வந்தது அந்தக் காய்தான். இயக்குநர் ஓரமாக, கையில் இரண்டு பூவோடு நின்றுகொண்டிருந்தார். ஊரில் தெரிந்தவர்கள் எல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டு, அவருக்கு என்ன உடம்புக்கு என்று விசாரித்தார்கள்.

கார் போனதும் முதல் வேலையாகத் தொட்டியைக் குப்பையில் போடச் சொல்லி உத்தரவு. பென்கா அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ருமியானாவின் பழைய காரின் பின்சீட்டில் வைத்தாள். "குப்பையிலதானே போடச் சொன்னாங்க? உன் காரைவிடப் பெரிய குப்பை இந்த வளாகத்துல ஏது?"

வாடின பூ ருமியானாவின் வீட்டுப் பால்கனியில் தானாக உதிர்ந்தது. காய் பருத்தது. செப்டம்பரில் குளிர்காலச் சேமிப்புக்காக ஊரே சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் புகைக்கு நடுவில் காய் வெடித்து, கறுகறுவென்று விதைகள் தெரிந்தன. அன்று சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். அவள் ஒரு விதையை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாஸில் ஊற்றிவைத்த ரக்கியா மதுவைக்கூட மறந்துவிட்டாள். மறுநாள் அவள்மீது விசாரணை.

அறிவியல் குழு முழுவதும் கூடியது. குற்றச்சாட்டுகளை வல்கோவ் வாசித்தார். அனுமதியின்றிப் பூக்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. அமைச்சகத்தின் முன்னிலையில் வாடலுக்கு உடந்தையாக இருந்தது. உயிரோடு இருக்கும் இயக்குநருக்கு இரட்டைப்படையில் மலர் கொடுத்தது. கடைசிக் குற்றச்சாட்டில் "உயிரோடு இருக்கும்" என்பதைச் சேர்க்க வேண்டுமா என்பது பற்றிக் குழு மதியம் வரை விவாதித்து, சேர்க்கலாம் என்று பெரும்பான்மை வாக்கில் முடிவு செய்தது.

"ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் வல்கோவ்.

"விதை பழுத்துடுச்சு. வேற ஒண்ணுமில்ல."

தஸ்கலோவ் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தாங்க ஓடிய வல்கோவைத் தள்ளிவிட்டார். அந்த நேரத்தில் எனக்கே அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது, மறைப்பானேன்.

"நாப்பது வருஷம் இந்த இடத்துக்காக உழைச்சிருக்கேன். அத்தனை பேருக்கு முன்னாடி என் கையில ரெண்டு பூவைக் குடுத்தியே, அதுக்கு என்னம்மா அர்த்தம்? நான் சாகணும்னா?"

ருமியானா எழுந்தாள். முன்வரிசையைப் பார்த்தாள். திரும்பி, பின்வரிசையில் தலை நரைக்கத் தொடங்கிய எங்களையும் பார்த்தாள்.

"சாக வேணாம் ஐயா, நூறு வயசு நல்லா இருங்க. வாடினாப் போதும். உங்களுக்குக் கீழ விதை காத்துக்கிட்டு இருக்கு."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். ஒருவர் தட்டியதும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டு, சன்னல் கண்ணாடி அதிரும்படி ஆகிவிட்டது. முதலில் தட்டியது யார் என்று கண்டுபிடிக்க இப்போது ஒரு குழு போட்டிருக்கிறார்கள். வயதானவர்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பதால், நிறுவனத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஓர் இளம் ஆய்வாளரைத் தலைவராக்கியிருக்கிறார்கள். அது நான்தான். முதலில் கைதட்டியதும் நான்தான். விசாரணை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.